ஹம் நகரத்து கோமஸ்

என் அண்ணன் மகள் ரீனா, தான் கட்டிக்கொள்ள நினைக்கும் பையனின் முழுப்பெயரைச் சொன்னதும் தூத்துக்குடியில் மதினி போனை வைத்துவிட்டார். பையன் பெயர் டேனியல் கோமஸ். இவள் பெயர் ரீனா கோமஸ். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் இந்த வழக்கு அவரிடம் போயிருக்கும். அவர் இல்லாததால் குடும்பத்தில் அடுத்த கோமஸான என்னிடம் வந்தது.

“பேரு ஒண்ணுன்னா பங்காளிதான தம்பி? அண்ணன் தங்கச்சிக்குத் தாலி கட்டுவானா?” என்றார் மதினி.

எங்கள் கடற்கரை ஊர்களில் கோமஸ், பர்னாந்து, மிராந்தா, ரோச் என்று எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் கப்பலில் வந்த போர்த்துக்கீசியர் எங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தலையில் தண்ணீரோடு சேர்த்துப் பெயரையும் ஊற்றிவிட்டுப் போனார்கள். ஞானத்தகப்பனாக நின்ற மாலுமியின் பெயரோ, சிப்பாயின் பெயரோ, அதுவே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. பெயர் ஒன்றாக இருப்பதால் உறவு என்று ஆகிவிடாது. இது மதினிக்கும் தெரியும்.

“பையன் குடும்பம் ஸ்பெயின்லேர்ந்து வந்தவங்க மதினி. நமக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்?”

“அந்தப் பக்கத்துக்காரன் குடுத்த பேருன்னுதான நீங்களே சொல்லுவீங்க? அங்கேர்ந்து ஒருத்தன் அதே பேரோட வாரான்னா விசாரிக்காண்டாமா?”

பையன் நம் வேதக்காரன், படித்தவன், ஜெர்மனியில் ரீனா வேலை பார்க்கும் அலுவலகத்திலேயே வேலை பார்க்கிறான். வெள்ளைக்காரன் என்பதற்காக வேண்டாம் என்று சொல்ல மதினிக்குக் கூச்சம். அதனால் கைக்கு அகப்பட்ட பெயரைப் பிடித்துக்கொண்டார் என்றுதான் நான் நினைத்தேன். “நேர்ல போயி அவங்க குடும்பத்த விசாரிச்சிட்டு வாங்க. சம்பந்தம் ஒண்ணும் இல்லைன்னா எனக்குச் சம்மதம்” என்று முடித்தார். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கு ஐரோப்பாவின் ஊர்களெல்லாம் கன்டெய்னர் மேல் ஒட்டிய சீட்டுகளாகத்தான் பழக்கம். ஒரு மே மாதத்தில், பெயரை விசாரிக்க, ஜெர்மனி போய் இறங்கினேன்.

ரீனா இருப்பது டார்ம்ஸ்டாட்டில். விமான நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. மரங்களுக்கு நடுவே கட்டடங்களா, கட்டடங்களுக்கு நடுவே மரங்களா என்று தெரியாத ஊர். தெருவில் ஹாரன் சத்தமே கிடையாது. முதல் நாள் அது சுகமாக இருந்தது. இரண்டாம் நாள் காதில் ஏதோ கோளாறு என்று தோன்றியது.

முதல் காலை உணவு ரொட்டி. எங்கள் ஊர் பேக்கரியில் ரொட்டி என்றால் விரலால் அமுக்கினால் உள்ளே போகும். இது கருப்பாக, ஓடு போட்டு, மேலெல்லாம் விதை ஒட்டியிருந்தது. கத்தியால் அறுக்கும்போது மரம் அறுக்கும் சத்தம். “நல்லா மென்னு சாப்பிடுங்க சித்தப்பா, ஹெல்த்துக்கு நல்லது” என்றாள் ரீனா. மென்றேன். இட்லிப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவியபின் அதுவும் ஒரு சாப்பாடுதான் என்று ஒத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் தனியாக டிராமில் ஏறினேன். இறங்கவேண்டிய இடம் வந்தது. கதவு முன்னால் நின்றேன். கதவு திறக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. மூன்றாவது நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒரு சிறுமி என்னைத் தாண்டிக் கையை நீட்டி, கதவில் இருந்த பொத்தானை அமுக்கினாள். கதவு திறந்தது. இங்கே கதவுகூடக் கேட்டால்தான் திறக்கும் போலிருக்கிறது. எங்கள் ஊர்ப் பேருந்தில் கதவே கிடையாது என்பதை அவளுக்கு எந்த மொழியில் சொல்வது?

டேனியல் சாயங்காலம் வந்தான். ஒல்லியாக, உயரமாக, வழுக்கை விழத் தொடங்கிய தலையோடு இருந்தான். “வணக்கம் சித்தப்பா” என்றான். அடுத்து அவனுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் ‘போதும்’. ரீனா பரிமாறும் கை பெரியது என்பதால் முதலில் அதைத்தான் கற்றுக்கொண்டானாம். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் பேசினோம்.

அன்றைக்கு அவன்தான் சமைத்தான். வெள்ளைத் தண்டு ஒன்றைத் தோல் சீவி, வேகவைத்து, மேலே வெண்ணெய்க் குழம்பு ஊற்றிக் கொடுத்தான். இந்தப் பருவத்தில் மட்டும் கிடைக்குமாம். ஊரே அதற்குப் பைத்தியமாக அலைகிறது. பார்க்க உரித்த முருங்கைக்காய் போல இருந்தது. நான் சக்கை வரும் வரும் என்று மென்றுகொண்டே இருந்தேன். வரவில்லை. ரீனா சிரித்துவிட்டு, “முழுங்கிடுங்க சித்தப்பா” என்றாள்.

வந்த காரியத்தை நான் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் டேனியலே தொடங்கிவிட்டான். ரீனா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

“எங்கள் பெயரில் கடைசியில் வரும் ‘எஸ்’ ஒலிக்கு, மகன் என்று பொருள். ஸ்பெயினில் அதை இசட் போட்டு எழுதுவார்கள், போர்த்துக்கல்லில் எஸ் போட்டு எழுதுவார்கள். ‘கோமே’ என்பவரின் மகன் கோமஸ். அவ்வளவுதான்.”

“அந்தக் கோமே யார்?”

“அது ஒரு ஆள் இல்லை. மனிதன் என்று பொருள்படும் பழைய சொல் என்கிறார்கள். கோத்துகள் என்று ஒரு ஜெர்மானிய இனம், ரோமாபுரி விழுந்த காலத்தில் ஸ்பெயினுக்குள் நுழைந்து ஆண்டார்கள். அவர்கள் கொண்டுபோன சொல். அந்தச் சொல்லுக்கு ஜெர்மன் மொழியிலும் ஒரு சகோதரச் சொல் இருந்தது, செத்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மாப்பிள்ளையை நாங்கள் ‘ப்ரொய்ட்டிகாம்’ என்போம். அதில் கடைசியில் வரும் ‘காம்’ இருக்கிறதே, அதுதான் கோமே. மணப்பெண்ணின் ஆள்.”

சொல்லிவிட்டு ரீனாவைப் பார்த்துச் சிரித்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது குடும்பப் பெயர் பற்றி ஒவ்வொருவரும் எழுந்து பேசவேண்டியிருந்ததாம். அப்போது தேடிப் படித்தது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் இவனை வெளிநாட்டுக்காரன் என்று கேலி செய்துகொண்டிருந்த நேரம். “நான் உங்களைவிடப் பழைய ஜெர்மானியன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு யாரும் கேலி செய்யவில்லை.”

எனக்கு ஒரு நிம்மதி. கோத்து ஒருவனின் பெயர் ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து ஒரு கிளை கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்திருக்கிறது. மனிதன் மகன் என்று எவன் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னால் போதுமே என்று மதினிக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

“அது புஸ்தகத்துல உள்ளது தம்பி. நான் அவங்க வீட்டுல விசாரிக்கச் சொன்னேன்” என்றார்.

வீடு என்றால் டேனியலின் அப்பா அந்தோனியோ. வடக்கே ஹம் என்ற ஊரில் தனியாக இருக்கிறார். டேனியலின் அம்மா ஜெர்மன்காரர். சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். அந்தோனியோ ஸ்பெயினின் வட கரையில் அஸ்தூரியாஸ் என்ற மலைநாட்டைச் சேர்ந்தவர். நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர். இளவயதில் ஹம் நகரத்துச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார்.

அடுத்த நாள் மூன்று பேரும் ரயிலேறினோம். ஜெர்மனியில் ரயில்கள் நேரம் தவறாது என்று சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்டிருக்கிறேன். அதைச் சொன்னதும் டேனியல் வருத்தத்தோடு என்னைப் பார்த்தான். டோர்ட்முண்டில் மாறி ஏறிய ரயில், இரண்டு ஊர் தாண்டியதும் வயல் நடுவில் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் எதையோ சொன்னது. பெட்டி முழுவதும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டது. யாரும் சத்தம் போடவில்லை. நம் ஊராக இருந்தால் இதற்குள் பாதிப் பேர் இறங்கித் தண்டவாளத்தில் நின்று டிரைவரிடம் விவரம் கேட்டிருப்பார்கள். இன்னொரு பாதி சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள்.

எதிரில் ஒரு வயதான அம்மாள், கன்றுக்குட்டி அளவு நாயோடு உட்கார்ந்திருந்தார். பரிசோதகர் வந்தபோது தன் டிக்கெட்டையும், பிறகு நாயின் டிக்கெட்டையும் காட்டினார். நான் வியப்பதைப் பார்த்துவிட்டு டேனியலிடம் ஏதோ கேட்டார். டேனியல் விளக்கினான். “அவர் கேட்கிறார், உங்கள் ஊரில் நாய்கள் எப்படிப் பயணம் செய்யும் என்று.” நடந்து போகும் என்றேன். அந்த அம்மாள் நெடுநேரம் யோசித்துவிட்டு, அதுதான் நாய்க்கு நல்லது என்றாராம்.

வண்டி ஒருவழியாக அடுத்த நிலையத்துக்கு ஊர்ந்து, அங்கேயே தன் பயணத்தை முடித்துக்கொண்டது. மேற்கொண்டு ஓட்ட ஆளில்லையாம். எல்லாரும் இறங்கினோம். மழை தூறியது. பின்னால் வந்த ரயிலில் நசுங்கிக்கொண்டு ஹம் போய்ச் சேர்ந்தோம். தூத்துக்குடியிலிருந்து நான் காபந்து பண்ணிக் கொண்டுவந்த மக்ரூன் பெட்டி ஒரு சைக்கிளுக்கும் ஒரு குழந்தை வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்யும் மக்ரூன் தொட்டாலே உடையும். இறங்கியபோது பெட்டியை ஆட்டிப் பார்த்தேன். மணல் சத்தம் கேட்டது.

சுரங்கக்காரர்களுக்காக ஒரு காலத்தில் கட்டிய செங்கல் வீடுகளின் வரிசை. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீளமாக ஒரு துண்டுத் தோட்டம். சுரங்கம் மூடிவிட்டார்கள், தோட்டங்கள் மட்டும் கவனிப்போடு இருந்தன. மணி அடித்ததும் கதவைத் திறந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். நீலச் சட்டை போட்டு, கழுத்தில் செபமாலையோடு இருந்தார்.

“வாங்கோ, வாங்கோ. நீங்கள்தானே தூத்துக்குடி அண்ணை? நனைஞ்சுபோனியள் எல்லோ” என்றார்.

அவர் பெயர் ஜெசிந்தா குரூஸ். இலங்கையில் மன்னார் பக்கம் பேசாலை சொந்த ஊர். சண்டைக் காலத்தில் இங்கே வந்தவர். முதியோரை வீட்டுக்கு வந்து கவனிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. காலையும் மத்தியானமும் வந்து அந்தோனியோவுக்கு மருந்து கொடுத்து, காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போகிறவர். இந்த வீட்டுக்கு ரீனாவை முதலில் பழக்கியதும் இவர்தான். “என்ர வேலை முடிஞ்சுது அண்ணை. அடுத்த வீட்டு டெர்மின் பின்னேரம்தான். நீங்கள் வாறீங்கள் எண்டு நிண்டனான். அவருக்கு இங்கிலீஷ் ஏலாது, உங்களுக்கு டொய்ச் ஏலாது. நான் இல்லாட்டில் ரெண்டு பேரும் முகத்தை முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.”

“உங்க பக்கம் கோமஸ் இருக்காங்களா அக்கா?” என்று கேட்டேன்.

“ஓம், நிறைய. எங்கட அயல் வீடே கோமஸ்தான். வேலிச் சண்டையில கோட்டுக்குப் போன ஆக்கள்.”

அந்தோனியோ சமையலறையில் இருந்தார். எழுபது தாண்டியவர்; அகலமான தோள்கள்; மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஏதோ உருள்வது வெளியே கேட்டது. சுரங்கத் தூசி என்றார் ஜெசிந்தா. எழுந்து என் கையைப் பிடித்து, தன் நெஞ்சைத் தொட்டு “கோமெத்” என்றார். ஸ்பெயினில் அப்படித்தான் உச்சரிப்பார்களாம். நானும் நெஞ்சைத் தொட்டு “கோமஸ்” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, ஜெசிந்தா முதுகைத் தடவிவிட்டார்.

பெரிய வெள்ளை மொச்சையைப் பன்றிக்கொழுப்பும் சிவப்பு மிளகாய்த்தூள் போட்ட தொத்திறைச்சியும் சேர்த்து மெதுவாக வேகவைத்திருந்தார். ஜெர்மனி வந்ததிலிருந்து முதல்முறையாக நாக்கில் காரம் பட்டது. சோறு இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று ரீனாவிடம் முணுமுணுத்தேன். ஜெசிந்தா அதையும் மொழிபெயர்த்துவிட்டார். கிழவர் தலையாட்டி, ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் போட்டுக் காட்டினார்.

சாப்பாட்டோடு ஆப்பிளில் செய்த ஒரு மது. அதை ஊற்றும் முறைதான் விசேஷம். மூட்டுவலியோடு எழுந்து நின்றார். புட்டியை ஒரு கையில் தலைக்குமேல் தூக்கி, இன்னொரு கையில் கண்ணாடித் தம்ளரை இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, பார்க்காமலே ஊற்றினார். மெல்லிய கயிறுபோல் இறங்கித் தம்ளரின் ஓரத்தில் விழுந்து நுரைத்தது. எங்கள் ஊர் டீ மாஸ்டர் ஆற்றுவதை வீடியோவில் காட்டினேன். போனைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “இவன் அஸ்தூரியாஸ்காரன்தான்” என்றார். மக்ரூன் தூளைக் கரண்டியால் அள்ளித் தின்றார். தன் ஊரில் பாதாம் போட்டு இதையே செய்வார்கள் என்றார். நொறுங்கியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை; நொறுங்கித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

பிறகு தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். “என் பெயரைப் பற்றி விசாரிக்க வந்ததாகச் சொன்னார்கள். என்ன வேண்டும்?”

நான் மதினியின் கவலையைச் சொன்னேன். சொல்லும்போதே அது சின்னப் பிள்ளை விஷயமாக எனக்குத் தோன்றியது. அவருக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தாய் கேட்பது நியாயம்தான் என்றார். டேனியல் சிரித்துக்கொண்டே, “நான் கோத்துகள் கதையைச் சொல்லிவிட்டேன் அப்பா” என்றான். கிழவர் அவனைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஜெர்மன் மொழியில் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

“தன்ர தகப்பன்ர கதை சொல்லுறார் அண்ணை” என்று தொடங்கினார் ஜெசிந்தா. “தகப்பன் பிறந்தது பெரிய பட்டணத்தில. பிறந்த உடன...”

அத்தோடு நிறுத்திவிட்டார். அந்தோனியோ பேசிக்கொண்டே போனார். டேனியலின் முகம் மாறிவிட்டிருந்தது. ரீனா, அவளுக்குத் தெரிந்த ஜெர்மனை வைத்துப் பாதி புரிந்துகொண்டவள்போல், கையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

“அக்கா, என்ன சொல்றாரு?”

ஜெசிந்தா என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “அண்ணை, இதை உங்களுக்குச் சொல்லலாமோ எண்டு எனக்குத் தெரியேல்லை. எங்கட சனத்துக்கு இது ஒண்டே காணும், கலியாணம் குழம்பிறதுக்கு.”

கிழவர் பேச்சை நிறுத்தி எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவிடம் ஒரே ஒரு சொல் சொன்னார். சொல்லு என்பதாக இருக்கவேண்டும். அவர் சொன்னார்.

அந்தக் காலத்து ஸ்பெயினில் அநாதை விடுதிகளின் வெளிச்சுவரில் மரத்தால் செய்த ஒரு சுழல் பெட்டி இருக்கும். வளர்க்க முடியாத பிள்ளையை அதில் கிடத்திச் சுற்றிவிட்டால், பிள்ளை உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்தோனியோவின் தகப்பன் அப்படி உள்ளே போனவர். அப்படி வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே குடும்பப் பெயர்: எக்ஸ்போசித்தோ. வெளியே விடப்பட்டவன் என்று அர்த்தம். அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் சொன்னாலும், சுரங்கத்தில் சொன்னாலும், பெண் கேட்கப் போன இடத்தில் சொன்னாலும் கேட்டவர்களுக்கு மீதியைச் சொல்லவேண்டியதில்லை.

விடுதியிலிருந்து பிள்ளைகளைப் பால் கொடுத்து வளர்க்க மலைக்கிராமத்துப் பெண்களிடம் அனுப்புவார்கள். பால்குடி மறந்ததும் பிள்ளை திரும்பிப் போகவேண்டும். இந்தப் பிள்ளையை வாங்கிக்கொண்டுபோன பெண் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் பெயர்தான் கோமஸ். பின்னாளில் அந்தப் பழைய பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டம் வந்தபோது, தகப்பன் தன்னை வளர்த்தவளின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“எங்கள் வீட்டுக்குக் கோமஸ் இரத்தத்தில் வரவில்லை, பாலில் வந்தது என்று அவருடைய சகோதரிக்குச் சொல்லு” என்றார் அந்தோனியோ. மதினியை அவர் என் சகோதரி என்று நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை.

டேனியல் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. “இத்தனை வருடம் ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டான். ஜெர்மனில்தான் கேட்டான், மொழிபெயர்க்க அவசியமிருக்கவில்லை.

கிழவர் சொன்னதை ஜெசிந்தா எனக்குச் சொன்னார். “நீ பள்ளிக்கூடத்தால வந்து, நாங்கள் பழைய கோத்து ராசாக்கள் எண்டு துள்ளிக்கொண்டு சொன்னாய். அண்டைக்குத்தான் நீ முதல் முதல் சிரிச்சுக்கொண்டு பள்ளிக்கூடத்தால வந்தாய். அதைப் பறிக்க எனக்கு மனம் வரேல்லை எண்டு சொல்லுறார்.”

டேனியல் தோட்டத்துக்குப் போய்விட்டான். தூறலில் போய் நின்றான். ரீனா குடை தேடினாள், கிடைக்கவில்லை, அப்படியே போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

என் நிலைமையை நான் யோசித்துப் பார்த்தேன். மதினி கேட்ட கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்துவிட்டது. இவர்கள் எங்களுக்கு எந்த வகையிலும் பங்காளிகள் இல்லை. எந்தக் கோமஸுக்குமே பங்காளிகள் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் பெண் கொடுக்கும்போது ஒரே பெயர் என்பது சின்னத் தடங்கல். தாத்தா யார் பெற்ற பிள்ளை என்று தெரியாது என்பது அப்படியல்ல. அதற்குமேல் பேச்சே எழாது. ஒரு முள்ளை எடுக்கப் போய்க் கடப்பாரையை ஏற்றிக்கொண்டு நின்றேன்.

ஜெசிந்தா தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். “அண்ணை, சொந்தமில்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. அது பொய் இல்லைத்தானே? மிச்சம் ஏன்?”

தோட்டத்திலிருந்து திரும்பி வந்த ரீனாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. தலை நனைந்திருந்தது. “வேண்டாம் அக்கா. பாதி சொல்லி சம்மதம் வாங்கினா, மீதி எப்ப வெளிய வரும்னு லைஃப் ஃபுல்லா நான் பயந்துட்டே இருக்கணும். சித்தப்பா, ஃபுல்லா சொல்லிடுங்க. அம்மா வேண்டாம்னா அப்பறம் நான் பேசிக்கிறேன்” என்றாள்.

“நீ பேசுதியா?” என்று கேட்டேன்.

“நான் பேசினா அழுதுடுவேன்.”

அந்தோனியோ நடப்பதெல்லாம் புரிந்ததுபோல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்காக ஒரு மனிதர் தன் மகனிடம்கூடச் சொல்லாததைச் சொல்லியிருக்கிறார். அதை வெட்டிச் சுருக்கி ஊருக்கு அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை. இந்தியாவில் அப்போது விளக்கு வைக்கிற நேரம். அவருடைய சமையலறையிலிருந்தே மதினியைக் கூப்பிட்டேன்.

“சாப்பிட்டாச்சா தம்பி?” என்றார்.

சாப்பிட்டதைச் சொல்லி, பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சுழல் பெட்டியைச் சொன்னேன். எக்ஸ்போசித்தோ என்பதன் பொருளைச் சொன்னேன். எதையும் மெழுகவில்லை. மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. யாரோ அதை அணைத்தார்கள், மதினியாகத்தான் இருக்கவேண்டும். லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

“யாரு வச்சிட்டுப் போனான்னு கடைசி வரைக்கும் தெரியலையா?”

“தெரியலை மதினி.”

“அந்தப் பால் குடுத்த பொம்பளைக்கு வேற பிள்ளைங்க இருந்துச்சா?”

எனக்குத் தெரியாது. ஜெசிந்தாவிடம் கேட்டேன். ஜெசிந்தா அந்தோனியோவிடம் கேட்டார். வாசலில் வந்து நின்ற டேனியலும் அப்பாவின் பதிலுக்காகக் காத்திருந்தான். கிழவர் தன் உள்ளங்கைகளை இரண்டு சாண் இடைவெளியில் வைத்துக் காட்டி ஏதோ சொன்னார்.

“ஒண்டு இருந்ததாம். பிறந்து கொஞ்ச நாளில செத்துப்போச்சாம். அதாலதான் பால் இருந்தது எண்டு சொல்லுறார்” என்றார் ஜெசிந்தா.

அதை மதினிக்குச் சொன்னேன். எங்கள் தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போவது ஹம் நகரத்துச் சமையலறையில் கேட்டது. ரீனா என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மா பேரு என்ன?”

அதையும் ஜெசிந்தா வழியாகக் கேட்டுச் சொன்னேன். “ஹோசெஃபா.”

“என்னது?”

“நம்ம ஊர்ல சூசையம்மா மதினி.”

“அப்பச் சரி” என்றார். எது சரி என்று நான் கேட்கவில்லை. “நாளைக்குக் காலைப் பூசைக்கு அந்தம்மா ஆத்துமாவுக்காகப் பேரு குடுக்கேன். சூசையம்மாள்னு குடுக்கேன். கூட கோமஸ்னு போட்டா, நம்ம வீட்டுல செத்தவங்கன்னுதான எல்லாரும் நினைப்பாங்க?”

“ஆமா மதினி. அப்படித்தான் நினைப்பாங்க.”

“நினைக்கட்டும்.” கொஞ்சம் பொறுத்து, “கல்யாணத்த எப்ப வைக்கதா உத்தேசம்னு அவங்ககிட்டக் கேளுங்க. டிசம்பர்னா இங்க மண்டபம் கிடைக்காது” என்றார்.

ரீனா அழப்போவதாக முன்பே சொல்லியிருந்தாள். இப்போது அழுதாள். ஜெசிந்தா நடந்ததை ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாருங்கோ, எனக்கு வேலைக்குப் பிந்திப்போச்சு” என்று மேலங்கியைத் தேடினார். டேனியல் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். புட்டியை எடுத்துத் தலைக்குமேல் தூக்கி, தம்ளரைக் கீழே பிடித்து ஊற்றினான். பாதி தரையில் சிந்தியது. கிழவர் எழுந்து அவன் முழங்கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்தார்.

இரவு அங்கேயே தங்கினோம். காலையில் நான் எழுந்து வரும்போது அந்தோனியோ காபி போட்டுவிட்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்திருந்தார். எங்கள் ஊர்க் கோயிலில் காலைப் பூசையை யூடியூபில் போடுகிறார்கள். அங்கே பூசை முடிந்து நேரமாகிவிட்டிருந்தது. போனை ஜாம் புட்டியில் சாய்த்து வைத்து, ஓடவிட்டு, யார் யாருக்காகப் பூசை என்று சாமியார் வாசிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தேன். ரீனாவும் டேனியலும் வந்து பின்னால் நின்றார்கள்.

மைக்கில் இரைச்சல். மின்விசிறிகள் சுற்றின. முன் வரிசையில் முக்காடு போட்ட பெண்களில் மதினி யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வேகமாக வாசித்துக்கொண்டு வந்தார். ஒரு பர்னாந்து, ஒரு மிராந்தா, இன்னொரு பர்னாந்து. பிறகு “சூசையம்மாள் கோமஸ்” என்று வாசித்துவிட்டு, தடுமாற்றமில்லாமல் அடுத்த பெயருக்குப் போனார்.

முதல் பெயர் அந்தோனியோவுக்குப் புரிந்திருக்காது. இரண்டாவது புரிந்தது. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். போனைக் காட்டி, ஒரு விரலைப் பின்பக்கமாகச் சுழற்றினார்.

மறுபடி போட்டேன்.